ஏழு இசைத்தட்டுகளும் மூன்று மூச்சும்

குன்றுதோறும் குடிகொண்ட குமரனின் காலடியிலே பிறந்து, கார்மேகம் தோளிலே கைபோட்டு நடக்கும் இந்த மலைமேட்டிலே கூடியிருக்கும் கண்ணியமிக்க அவையே! விழாவுக்குத் தலைமை ஏற்று, மாலையின் ஈரம் சட்டையை நனைத்தும் முகம் கோணாமல் வீற்றிருக்கும் வில்பட்டிப் பஞ்சாயத்துத் தலைவர் சேனாதிபதி அவர்களே! பள்ளங்கியிலிருந்தும் பூண்டியிலிருந்தும் பனியைப் பாராமல் நடந்துவந்து, முன்வரிசையிலே கம்பளிக்குள் புகுந்திருக்கும் பெரியோர்களே! பூண்டுக் காட்டிலே குனிந்த இடுப்பை இப்போதுதான் நிமிர்த்தி, கையிலே ஒட்டிய மண் காயுமுன்னே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உட்கார இடமில்லாமல் அதோ அந்தப் பேரிக்காய் மரத்தடியிலே நிற்கும் நண்பர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் பழனி தண்டாயுதபாணியின் வணக்கம். பழனியாண்டவனைச் சொல்லவில்லை, மைக்செட்காரனைச் சொல்கிறேன்.

நான் பேச்சாளன் அல்லன். ஆனால் என் குரலைக் கேட்காதவர் இந்தச் சுற்றுவட்டாரத்திலே உண்டா? "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்று இருபது ஆண்டுகளாக எல்லா மேடையிலும் முதலில் முழங்கியவன் யார்? நான்தான்! த்ரீக்கு மேலே பேச எனக்கு எவரும் இடம் கொடுத்ததில்லை. எத்தனை நாவலர்களை நான் கேட்டிருக்கிறேன்! எந்த இடத்தில் குரலை உயர்த்துவார்கள், எந்த இடத்தில் சோடா கேட்பார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அவர்களிடம் திருடிய தமிழைத்தான் இன்றைக்கு உங்கள் முன்னே பரப்பப்போகிறேன். திருட்டு என்ற சொல்லை நான் தெரிந்தேதான் சொன்னேன். இன்றைய பேச்சே அதைப் பற்றியதுதான்.

தலைவர் அவர்கள் எனக்கு ஓர் ஆணை இட்டார்கள். "பஞ்சாயத்து வானொலியைத் திறக்கிறதுக்கு முந்தி, நம்ம சனங்களுக்குப் பிடிச்ச 'கீழிருந்து வார காத்தே' பாட்டை ஒருதரம் போட்டுவிடுங்க" என்றார்கள். கொண்டுவந்திருக்கிறேன். ஒன்றா? இதோ, இந்தத் தகரப் பெட்டியிலே ஒரே பாட்டுக்கு ஏழு இசைத்தட்டுகள்! ஏழு பேர் பாடியவை, ஏழு விதமாக அழுதவை. ஆனால் ஒன்றையும் நான் போடமாட்டேன்.

பொறுங்கள், பொறுங்கள்! சத்தம் போடாதீர்கள். போடவே மாட்டேன் என்று சொல்லவில்லை. போடு என்று சொல்லும் உரிமை எனக்கும் இல்லை, தலைவருக்கும் இல்லை, தட்டு செய்த கம்பெனிக்கும் இல்லை. அந்த உரிமை உள்ளவர் இந்தக் கூட்டத்திலே ஒரே ஒருவர். தாய்மார்கள் பக்கம், கைத்தடியைக் காலடியிலே கிடத்திவிட்டு அமர்ந்திருக்கிறாரே, முருகம்மாள் அக்கா, அவர்தான். நான் பேசி முடித்ததும் அவரைக் கேட்பேன். போடு என்றால் போடுவேன். வேண்டாம் என்றால் பெட்டியை மூடிக்கொண்டு இறங்குவேன். என் ஆயுசுக்கும் அந்தப் பாட்டு என் மைக்செட்டிலே ஒலிக்காது.

ஏன் என்கிறீர்களா? பதினோரு ஆண்டுகளுக்கு முன்னே நான் அவருக்கு ஒரு தீங்கு செய்தேன். தெரியாமல் செய்தேன், சிரித்துக்கொண்டே செய்தேன். நேற்று அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஊரு கூடுற எடத்துல சொல்லுங்க. அன்னைக்கு ஊரே கேக்கட்டும்னுதான கொழாயக் கட்டுனீங்க?" என்றார். நியாயம்தானே! ஆகவே ஊர் கேட்கச் சொல்கிறேன்.

அன்பர்களே! அந்தப் பாட்டை அறியாதவர் யார்? அதைப் போடாமல் எந்தக் கல்யாணத்திலே பந்தி எழுந்தது? எந்தச் சடங்கிலே, எந்தச் சந்தையிலே, எந்தச் சினிமாக் கொட்டகையின் இடைவேளையிலே அது இல்லை? மாமியாரும் மருமகளும் ஒரே இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் பாட்டு அது ஒன்றுதானே! நாற்பது வயதைத் தாண்டியவர்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். அந்தப் பாட்டோடு உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வருகிறதா இல்லையா? அங்கே ஓர் அண்ணாச்சி சிரிக்கிறார். பக்கத்தில் வீட்டுக்கார அம்மா இருக்கிறார், அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

முதல் அடி என்ன? "கீழிருந்து வார காத்தே, யாரு வாரா சொல்லு?" அடுத்த அடி? இருங்கள், நீங்கள் பாடவேண்டாம், நானே சொல்கிறேன். "ஏறி வாரேன் நாந்தானே, ஒதுங்கி கொஞ்சம் நில்லு." இந்த இரண்டு அடிக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. பாட்டு நின்றுவிடும். மூன்று மூச்சு விடும் நேரம். அந்த இடைவெளியைத்தான் நீங்கள் மறக்கக்கூடாது, அதிலேதான் என் கதை இருக்கிறது.

நான் அறிய, அந்தப் பாட்டு முதலில் மேடை ஏறியது ஐம்பத்து மூன்றாம் ஆண்டு. பழனியிலே ஒரு நாடகக் கம்பெனி முகாம் போட்டிருந்தது. அதன் ஆர்மோனியக்காரர் மலையடிவாரத்துப் பொதிச் சந்தைக்குப் போய்வந்தவர், யாரோ பாடக் கேட்டதை மனத்திலே முடிந்துகொண்டு வந்து, கணவனைப் பிரிந்த கதாநாயகி பாடுவதாக நாடகத்திலே நுழைத்துவிட்டார். அந்த இடைவெளி வந்தது. சும்மா விடுவாரா? கதாநாயகி அடி மறந்துவிட்டாள் என்று சனங்கள் நினைத்துவிடுவார்களே என்று, ஆர்மோனியத்தை அமுக்கி அங்கே ஓர் ஓட்டம் ஓடினார்! கொட்டகை அதிர்ந்தது. பாட்டு பிழைத்துக்கொண்டது.

இரண்டு வருடம் கழித்துச் சென்னையிலே இசைத்தட்டாக வந்தது. பாடிய அம்மையார் இடைவெளியிலே ஒரு விம்மல் விம்மினார். அடடா, அந்த விம்மலுக்காகவே தட்டு தீர்ந்துபோனது! அதைப் பார்த்து அடுத்தவர் வயலினை இழைத்தார். அடுத்தவர் புல்லாங்குழலை அனுப்பினார். காவடிக்காரர்கள் "ஏறி வாரான் வேலவனே" என்று மாற்றி, இடைவெளியிலே உடுக்கை அடித்தார்கள். ஒரு பண்டிதர், பெயர் வேண்டாம், என் மைக்கிலேயே அரைமணி நேரம் அந்தப் பாட்டின் ஊடல் நயத்தை விளக்கினார். "ஒதுங்கி நில் என்று தலைவி சினக்கிறாள், ஆனால் கொஞ்சம் என்கிறாள், அந்தக் கொஞ்சத்திலே கொஞ்சுகிறாள்" என்றார். நானும் கைதட்டினேன்.

கொடைக்கானலுக்கும் அது ஏறியது! ஐம்பத்தேழாம் ஆண்டு சீசனிலே, ஏரிக்கரை ஓட்டல் ஒன்றின் நடனத்துக்கு என் மைக்செட். பேண்டு வாத்தியம் சூசை மாஸ்டர். கோட்டும் தொப்பியுமாய் வந்த துரைமார்கள் துணைவியரோடு சுழல்கிறார்கள். டிரம்பெட்டிலே என்ன வருகிறது? நம் காற்று! நம் கீழிருந்து வரும் காற்று! இடைவெளியிலே டிரம் உருள்கிறது. "மாஸ்டர், இது எங்க பழனிப் பாட்டாச்சே" என்றேன். அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சார், யூ டோண்ட் நோ. இது கப்பல்ல வந்த டியூன் சார். நமக்கு முந்தியே ஸ்பெயின்ல வாசிச்சிருக்கான்." பக்கத்திலே ஒரு வெள்ளைக்கார மூதாட்டி, தன் தாயார் தொட்டிலை ஆட்டிப் பாடிய பாட்டு என்று கண்கலங்கினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டிலிருந்து திரும்பிவந்த ஒரு தாயார் போன மாதம் என் கடைக்கு வந்து, "இது எங்கட லயத்துப் பாட்டுங்க தம்பி, கொழுந்து எடுக்கயில படிப்போம்" என்றார். நான் யாரையும் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். பிடித்த பாட்டைத் தன் வீட்டுப் பாட்டு என்று நினைப்பது மனித மனம். ஆனால் கவனியுங்கள், இத்தனை பேரிலே ஒருவருக்காவது அந்த இடைவெளி எதற்கு என்று தெரியவில்லை. எல்லாரும் அதை நிரப்பினார்கள். ஏதோ ஓட்டையை அடைப்பதுபோல அடைத்தார்கள்.

எனக்கு அது தெரிந்தது போன புரட்டாசியிலே. பழனி பேருந்து நிலையம், நல்ல பகல். டீக்கடை ரேடியோவிலே நம் பாட்டு. சனங்கள் முண்டியடித்து ஓடுகிறார்கள். ஒரே ஒரு மனிதர் மட்டும், கையிலே கேரட் மூட்டையோடு, சுவரோரமாய் ஒதுங்கி அசையாமல் நிற்கிறார். கொடைக்கானல் பஸ் வருகிறது, கண்டக்டர் கூவுகிறார், பஸ் போய்விடுகிறது. மனிதர் அசையவில்லை. பாட்டு முடிந்த பிறகுதான் மூட்டையைத் தோளிலே ஏற்றினார். டீக்கடைக்காரர் சிரித்தார். "அவரு எப்பவும் இப்படித்தாங்க. இந்தப் பாட்டு கேட்டாப் போதும், எங்க இருந்தாலும் ஒதுங்கி நின்னுருவாரு. கொஞ்சம் கிறுக்கு" என்றார். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த முகம். உங்களுக்கும் தெரிந்த முகம். அதோ, பேரிக்காய் மரத்தடியிலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரே, தங்கமுத்து அண்ணன். முருகம்மாள் அக்காவின் கணவர்.

அண்ணே, கோபிக்காதீர்கள். நீங்கள் என்னிடம் சொன்னதை நான் சொல்லத்தான் போகிறேன்.

பெரியோர்களே! ரோடு வருவதற்கு முன்னே இந்த வில்பட்டியிலிருந்து பழனிக்குப் பூண்டு எப்படி இறங்கியது? மட்டக்குதிரை முதுகிலே! இளையவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். இறங்கும் குதிரையிலே பூண்டு, ஏறும் குதிரையிலே உப்பும் சீமெண்ணெயும். அடிவாரத்திலிருந்து மூன்றாவது வளைவு, அதற்குக் கீழே பாதை ஒடுங்கிவிடும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். இரண்டு குதிரை ஒன்றையொன்று கடக்க முடியாது. மஞ்சு மூடிவிட்டால் எதிரே வருவது கண்ணுக்கும் தெரியாது. அப்போது என்ன செய்வது?

பாடுவது! மேலிருந்து இறங்குகிறவர் வளைவிலே குதிரையை நிறுத்தி முதல் அடியைப் பாடுவார். "கீழிருந்து வார காத்தே, யாரு வாரா சொல்லு?" பாடிவிட்டு மூன்று மூச்சு பொறுப்பார். ஒடுக்கத்திலே யாராவது ஏறி வந்துகொண்டிருந்தால் பதில் வரும். "ஏறி வாரேன் நாந்தானே, ஒதுங்கி கொஞ்சம் நில்லு!" நிற்க வேண்டும். பதில் வராவிட்டால் பாதை காலி, இறங்கலாம். அவ்வளவுதான் ஐயா! காதலுமில்லை, ஊடலுமில்லை. பண்டிதர் கொஞ்சியதெல்லாம் வீண். அது குதிரைக்காரர்கள் உயிரைக் காத்த பாட்டு. அந்த இடைவெளி பதிலுக்காகக் காத்திருந்த இடைவெளி.

ஆனால் இந்த இருவர் விஷயத்திலே அது காதலாகவும் இருந்தது. தங்கமுத்து அண்ணன் இறங்கும் நாளிலே அக்கா ஏறுவார். அவர் ஏறும் நாளிலே அக்கா இறங்குவார். ஊரிலே இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சோறு தின்றது குறைவு, அந்த வளைவிலே சந்தித்தது அதிகம். நம் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வார்களா? மாட்டார்கள். தன் பேரையும் மலையிலே கூவமாட்டார்கள். "நாந்தானே" என்பார்கள், அவ்வளவுதான். அந்த "நாந்தானே" யார் என்று குரல்தான் சொல்லவேண்டும். இருபது குதிரைக்காரர் நடமாடிய பாதையிலே, "எம் பொஞ்சாதி குரலுன்னா செவலைக்கே தெரியுமுங்க, காதை மடக்கிக்கிட்டு நின்னுரும்" என்றார் அண்ணன் என்னிடம். செவலை என்பது அவருடைய முன்குதிரை.

இனி என் பங்குக்கு வருகிறேன். சோடா வேண்டாம் தலைவரே, இதைத் தொண்டை வறண்டே சொல்கிறேன்.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு தைப்பூசம். மலைக்கிராமங்களிலிருந்து காவடி எடுத்து இறங்குகிறவர்களுக்காக அடிவாரத்துப் புளியமரத்தடியிலே ஒரு தண்ணீர்ப் பந்தல். அதற்கு என் மைக்செட். மரத்தின் உச்சியிலே கூம்புக் குழாயைக் கட்டினேன். என்ன பாட்டு போட்டேன்? சொல்லவும் வேண்டுமா! விம்மல் வைத்த அந்தத் தட்டைத்தான். சனங்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், நான் திரும்பத் திரும்பப் போட்டேன். அந்தத் தட்டிலே பல்லவி மட்டும் ஆறு முறை வரும். ஒரு சேதி, தொழில் செய்கிறவன் சொல்கிறேன். கூம்பிலிருந்து கிளம்பும் சத்தம் காற்றுவாக்கிலே மலை ஏறும்போது, வயலின் வழியிலே தொலைந்துவிடும், மிருதங்கம் தொலைந்துவிடும். பெண் குரல் மட்டும் தனியாக ஏறும்.

திருவிழாச் சந்தைக்காக அந்த வாரம் அண்ணனுக்குத் தினமும் இறக்கம். மூன்றாவது வளைவிலே குதிரையை நிறுத்தி முதல் அடியைப் பாடுகிறார். கீழிருந்து பெண் குரலிலே பதில் வருகிறது. நிற்கிறார். யாரும் வரவில்லை. மறுபடி பாடுகிறார், மறுபடி பதில் வருகிறது. பொழுது சாயும்வரை நின்றார். மறுநாளும் அப்படியே. ஏமாந்து ஏமாந்து, மூன்றாம் நாள் என் பந்தலுக்கே வந்துவிட்டார்.

இடுப்பிலே துண்டைக் கட்டிக்கொண்டு கூச்சத்தோடு நின்றார். "ஐயா, அந்தப் பாட்டு எங்க பாட்டுங்க" என்றார். நான் துள்ளி எழுந்தேன். "அப்படியா! உங்க ஊர்ப் பாட்டா! உட்காருங்க, முதல்ல ஒரு டீ சாப்பிடுங்க" என்று கையிலே டம்ளரைத் திணித்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "மலையில வளைவு வரைக்கும் கேக்குதுங்க" என்றார். எனக்கு ஒரே பெருமை. "கேக்குதா? இருங்க, இன்னும் நல்லாக் கேக்க வைக்கிறேன்" என்று மரத்திலே ஏறினேன். பந்தலைப் பார்த்திருந்த குழாயை மலையைப் பார்த்துத் திருப்பிக் கட்டினேன்! "அது இல்லீங்க..." என்று அவர் இழுத்தார். நான் இறங்கி வந்து அவர் தோளைத் தட்டினேன். அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேசாமல் போய்விட்டார்.

ஏன் பேசவில்லை? பத்து ஆண்டு கழித்துக் கேட்டேன். "ஒங்க டீயக் குடிச்சிட்டு ஒங்க சோலியக் கொறை சொல்லலாமுங்களா?" என்றார். கேட்டீர்களா ஐயா, இந்த மலைக்காரர் மரியாதையை! அந்த மரியாதை எனக்குப் புரியவில்லை. பாட்டை உரிமை கொண்டாட வந்தார் என்று நினைத்தேன், பாராட்டு கேட்டு வந்தார் என்று நினைத்தேன். நிறுத்தச் சொல்ல வந்தார் என்று எனக்குத் தோன்றவேயில்லை. தன் பாட்டு ஊரெல்லாம் கேட்பதை வேண்டாம் என்பவன் உலகத்திலே இருப்பானா என்று நினைக்கிற ஜாதி நான், மைக்செட்காரன்!

நான்காம் நாள் மத்தியானம். மஞ்சு இறங்கிவிட்டது. அண்ணன் பூண்டு மூட்டையோடு வளைவிலே நின்று பாடினார். மூன்று மூச்சு பொறுத்தார். பதில் வந்தது. "ஏறி வாரேன் நாந்தானே, ஒதுங்கி கொஞ்சம் நில்லு." மூன்று நாள் நின்று ஏமாந்த மனிதர். காவடிக்குப் போகும் சனங்கள் பின்னால் நின்று, "என்னய்யா, வெரசாப் போ, பிளேட்டு பாடுது அது" என்று அவசரப்படுத்துகிறார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். குதிரையை ஓட்டினார்.

அது பிளேட்டு இல்லை.

ஒடுக்கத்திலே, மஞ்சுக்குள்ளே, ஏறி வந்த அக்காவின் குதிரையோடு முட்டி, செவலை பள்ளத்திலே போய்விட்டது. கயிறு சுற்றி அக்காவையும் இழுத்தது. ஒரு வேர் பிடித்துக்கொண்டதால் உயிர் தங்கியது, கால் தங்கவில்லை. கம்பளியிலே தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். எந்த வழியாக? என் புளியமரத்தடி வழியாக. என் குழாய் பாடிக்கொண்டிருந்தது. அடிபட்டவரைக் கண்டதும் மரியாதைக்காக ஊசியைத் தூக்கினேன். அந்த அமைதியிலே அக்கா தன் கணவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டதை என் காதாலே கேட்டேன். அழவில்லை, கத்தவில்லை. "ஏங்க, எங் குரலு ஒங்களுக்குத் தெரியலையா?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ வலியிலே பேசுகிறார் என்று நினைத்தேன். அவர்கள் தலை மறைந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? மறுபடியும் ஊசியை வைத்தேன்! அதே பாட்டு! அதன்பிறகு பத்து ஆண்டு, எத்தனை கல்யாணம், எத்தனை திருவிழா, எத்தனை ஆயிரம் முறை! தாய்மார்களே, இதைச் சொல்லும்போது எனக்கு நாக்கு கூசுகிறது.

அன்று முதல் அக்கா பாடவில்லை. பொங்கலுக்குக் கும்மியிலே நின்றார், வாய் திறக்கவில்லை. தன் பேரப்பிள்ளைத் தொட்டிலைக் கையாலே ஆட்டினார், குரலாலே ஆட்டவில்லை. குதிரைகளை விற்றார்கள், ரோடு வந்தது, பூண்டும் கேரட்டும் லாரியிலே போகின்றன. இருவரும் ஒரே வீட்டிலே உண்டு, ஒரே காட்டிலே உழைத்து, எல்லாம் பேசிக்கொள்கிறார்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் பதிலில்லை. நேற்று அக்கா என்னிடம் சொன்னார்: "காலு போனது போகட்டுமுங்க. பதினஞ்சு வருசம் கேட்ட கொரலு. எவளோ ஒருத்தி மெஷின்ல பாடுனதும் நான் பாடுனதும் அவருக்கு ஒண்ணாப் போச்சே, அதாங்க எனக்கு ஆறல."

அக்கா! ஊர் அறியச் சொல்கிறேன், கேளுங்கள். உங்கள் குரலை அவர் மறக்கவில்லை. அவர் காதைக் கெடுத்தவன் நான். நாள் முழுக்க அந்தக் காதிலே போலியை ஊற்றினால், உண்மை வரும்போது எந்தக் காது நம்பும்? குற்றம் அந்த மனிதருடையதல்ல, குழாயைத் திருப்பிக் கட்டிய இந்தக் கையுடையது. பேருந்து நிலையத்திலே அவரைக் கேட்டேன். "அண்ணே, ஏன் இந்தப் பாட்டுக்கு இப்படி ஒதுங்கி நிக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்: "அன்னைக்கு நிக்கலைங்க. அதான் இப்ப நிக்கிறேன். யாரு பாடுனாலும் சரி, பிளேட்டானாலும் சரி. அதுல ஒண்ணு அவளா இருந்துட்டா?"

பதினோரு வருடம் அக்கா! டீக்கடையிலே, சந்தையிலே, கல்யாண வாசலிலே, அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் ஒதுங்கி நின்றிருக்கிறார். பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறார், கிறுக்கன் என்ற பேரை வாங்கியிருக்கிறார். உங்களிடம் சொன்னாரா? சொல்லியிருக்கமாட்டார். ஏழு இசைத்தட்டையும் அவர் நின்றுதான் கேட்டிருக்கிறார், ஒவ்வொன்றிலும் உங்களைத்தான் தேடியிருக்கிறார்.

இனி நான் பேச ஒன்றுமில்லை. கேட்கத்தான் இருக்கிறது. அக்கா, இந்தப் பாட்டைப் போடலாமா, கூடாதா? நீங்கள் சொல்லுங்கள். அதற்கு முன்னே ஒரு காரியம் செய்கிறேன். தலைவர் மன்னிக்கவேண்டும்.

மைக்கை நிறுத்திவிட்டேன். பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்கிறதா? கேட்கிறதா! நல்லது. இருபது வருடத்திலே இன்றைக்குத்தான் மைக் இல்லாமல் பேசுகிறேன். தங்கமுத்து அண்ணே, முதல் அடி உங்களுடையது. நான் கட்டாயப்படுத்தவில்லை. பாடத் தோன்றினால் பாடுங்கள். மற்றவர்கள் யாரும், கையெடுத்துக் கும்பிடுகிறேன், யாரும் இரண்டாம் அடியைப் பாடவேண்டாம். எல்லாருக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அதனாலேதான் கும்பிடுகிறேன்.

தலையை ஆட்டுகிறார். மாட்டேன் என்கிறாரா? இல்லை, துண்டை எடுத்து இடுப்பிலே கட்டுகிறார். மரத்தை விட்டு முன்னே வருகிறார். வழி விடுங்கள் தம்பிகளா, வழி விடுங்கள்.

பாடிவிட்டார். கேட்டீர்களா? சுதி இல்லை, குரல் உடைந்திருக்கிறது. ஆனால் எந்தத் தட்டிலே இருக்கிறது இப்படி ஒரு கேள்வி?

உஸ்! பேசாதீர்கள். ஒரு மூச்சு.

இரண்டு.

மூன்று.

பொறுங்கள். அண்ணன் நிற்கிறார், நாமும் நிற்போம். பதினோரு வருடம் நின்றவருக்கு இன்னும் நாலு மூச்சு பெரிதா? அக்கா கைத்தடியைத் தேடுகிறார். பக்கத்திலே இருக்கிற தாயார், எடுத்துக் கொடுங்கள். எழுந்துவிட்டார். வீட்டுக்குப் போகும் பாதையைப் பார்க்கிறார். போய்விடுவாரோ?

ஆகா! கேட்டீர்களா மகாஜனங்களே! "ஏறி வாரேன் நாந்தானே" என்றாரே! அந்தக் குரலுக்கா நாங்கள் வயலினை வைத்தோம்? அந்தக் குரலுக்கா விம்மல்? ஆனால் பாதியிலே நிறுத்திவிட்டார். ஒதுங்கி நில் என்று பாடவில்லை. என்னவோ சொல்கிறார், சத்தம் போடாதீர்கள், என்னவோ சொல்கிறார். முன்வரிசைக்குக் கேட்டது, பின்னால் கேட்டிருக்காது. மைக்கும் இல்லை. ஆகவே மைக்செட்காரன் என் கடமையைச் செய்கிறேன், அவர் சொன்னதை அப்படியே எடுத்துச் சொல்கிறேன்.

"நின்னது போதும். எறங்கி வாங்க."

அண்ணன் போகிறார். பார்க்காதீர்கள் ஐயா, அந்தப் பக்கம் பார்க்காதீர்கள், கொஞ்ச நேரம் எல்லாரும் என்னைப் பாருங்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொள்ளவேண்டும்.

என்ன அக்கா? போடலாமா? "போடுங்க. ஆனா நடுவுல அந்த ஒப்பாரி மட்டும் வேண்டாமுங்க" என்கிறார்! உத்தரவு! நடுவிலே ஊசியைத் தூக்கிவிடுகிறேன். மூன்று மூச்சு கழித்துத்தான் மறுபடி வைப்பேன். இனி நான் எந்த ஊரிலே இந்தப் பாட்டைப் போட்டாலும் அந்த மூன்று மூச்சு சும்மாதான் இருக்கும். ஏன் பாட்டு நின்றது என்று எவராவது கேட்டால், வில்பட்டிக்குப் போய்க் கேளுங்கள் என்பேன்.

பேச இடம் தந்த தலைவர் சேனாதிபதி அவர்களுக்கும், பனியிலே நடுங்கியும் எழுந்து போகாத பெரியோர்களுக்கும், பாடத் தெரிந்தும் எனக்காகப் பாடாமல் இருந்த தாய்மார்களுக்கும், என் டீயைக் குடித்த மரியாதைக்காகப் பத்து வருடம் என்னைக் குறை சொல்லாத தங்கமுத்து அண்ணனுக்கும், ஊர் கூடிய இடத்திலே என்னை மன்னித்த முருகம்மாள் அக்காவுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. கைதட்டப்போகிறீர்கள், தெரிகிறது. ஒரே ஒரு வேண்டுகோள். மூன்று மூச்சு பொறுத்துத் தட்டுங்கள்.

வணக்கம்.